மதாம் தியேத்தின் வெந்நீர்ப் புகார்

பொவாத்தியே, 19 செப்டம்பர் 1993

ஆர்தன்வால் ஹீட்டர் நிறுவனத்தின் மாண்புமிகு வருங்காலத் தலைவர், என் அப்பா, கிஸ்லேன் கொர்பினோ அவர்களுக்கு,

உங்கள் ஒரே வாரிசு பசீல் விடுதியிலிருந்து எழுதுவது. நான் சுகம். வயிற்றில் மட்டும் விடுதிச் சமையலறையின் பயறு இன்னும் விவாதம் நடத்திக்கொண்டிருக்கிறது. நீங்களும் அம்மாவும் எப்படி? உங்கள் முதுகுவலி?

நவம்பரில் இப்போதைய தலைவர், அந்தப் பெரியவர், ஓய்வு பெறுகிறாராமே. நாற்காலி காலி. நாற்காலிக்குள்ளேயே காலி இருப்பதைக் கவனித்தீர்களா? அம்மா போனில் சொன்னார்: "உங்கப்பா தலைமைக்கு ரெடிடா. தலைக்கு மை அடிச்சாச்சு." நான் சிரித்த சிரிப்பில் போனுக்கு வரிசையில் நின்றவன் என்னைத் தள்ளியே விட்டான்.

ஒரு புகார். எங்கள் குளியலறையில் இருப்பது உங்கள் ஹீட்டர்தான். கொதிக்கவும் மாட்டேன் என்கிறது, குளிரவும் மாட்டேன் என்கிறது. சூடும் இல்லை, சொரணையும் இல்லை. என் அறைத்தோழன் லுபேன் கேட்கிறான்: "டேய், இதை வித்த காசுலதான் உன்னை வளர்த்தாங்களா? அதான் நீயும் இப்படி வெதுவெதுன்னு இருக்கே."

தலைவரானதும் முதல் உத்தரவாக இந்தக் குளியலறையைக் கவனிக்கவும்.

அம்மாவுக்கு முத்தங்கள். உங்களுக்குக் கைகுலுக்கல், தலைவர்களை முத்தமிடுவது முறையா என்று தெரியவில்லை.

பசீல்


பாரிஸ், 3 அக்டோபர் 1993

அன்புள்ள பசீலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சௌக்கியம். முதுகு பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

இன்னும் எதுவும் முடிவாகவில்லை. நீ விடுதி முழுக்கச் சொல்லித் திரிய வேண்டாம். ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் விண்ணப்பக் காலம் வருகிறது, தெரிந்துகொள். எங்கள் வழியில் எதிர்பாராதது என்று அதிகம் இல்லை. பள்ளியில் சேர வேண்டும். பாரிஸில் பொறியியல் பள்ளிகள் பல உண்டு. பள்ளி என்று வெறுமனே சொன்னால் அது நான் படித்த ஒன்றுதான். அங்கிருந்து நல்ல வரிசை எண்ணோடு வெளியே வந்தால் அரசுப் பணி, பிறகு அமைச்சகம், நாற்பது வயதுக்குள் ஒரு நிறுவனம். அதன்பின் நாற்காலிகள் தாமாக வரும். நான் அப்படித்தான் வந்தேன்.

வியாழனன்று அமைச்சர் அலுவலகத்தைச் சேர்ந்த தெலபார் என்பவரோடு மதிய உணவு. என்னைவிடப் பதினோரு வயது இளையவர். உட்கார்ந்ததும் கேட்டார்: "நீ எந்த வருஷத்து ஆளு?" எங்கள் பள்ளியில் படித்தவர்கள் ஒருவரையொருவர் நீ என்றுதான் கூப்பிடுவோம். எண்பது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் அப்படித்தான். வெளியாட்கள் யாரும் எங்களை அப்படிக் கூப்பிட முடியாது. உனக்கும் இது வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

ஹீட்டரைப் பற்றி விடுதி நிர்வாகம் எங்கள் வாடிக்கையாளர் பிரிவுக்கு எழுதட்டும். அது என் வேலை இல்லை.

உன் அப்பா


பொவாத்தியே, 28 நவம்பர் 1993

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? இங்கே எனக்குச் சளி. மற்றபடி உயிரோடுதான் இருக்கிறேன்.

நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். கடைசியில் நூலகத்துப் பத்திரிகையின் பொருளாதாரப் பக்கத்தில் பார்த்தேன். புதிய தலைவர் தெலபார் படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மை தேவைப்படவில்லை போல.

அந்த மதிய உணவில் நீங்கள் அவரை எடை போடுவதாக நினைத்திருந்தேன். அவர்தான் உங்களை எடை போட்டிருக்கிறார். சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுத்தது? நீங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

லுபேன் சொல்கிறான், "வானத்திலேர்ந்து குடையோட குதிச்சிருக்கான்டா அந்த ஆளு." அமைச்சகத்திலிருந்து நேராகக் குதிப்பவர்களுக்கு இங்கே பையன்களே அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

கிண்டலுக்குத்தான் எழுதினேன். கோபமில்லையே? அம்மா போனில் எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறார். நீங்களாவது எழுதுங்கள்.

பசீல்


பாரிஸ், 12 டிசம்பர் 1993

அன்புள்ள பசீலுக்கு,

சளிக்கு வெந்நீரில் ஆவி பிடி. இங்கே எல்லோரும் நலம்.

எனக்குப் புதிய பொறுப்பு தந்திருக்கிறார்கள். சிறப்புப் பணிகளின் இயக்குநர். அதே சம்பளம், அதே கார். அறை முன்பைவிடப் பெரியது. சன்னலில் ஆறு தெரிகிறது. அமைதியான மாடி. என் செயலாளராக இருந்த மதாம் ஓசான் இப்போது தெலபாரின் செயலாளர். ஆகவே என் கடிதங்களை நானே எழுதிக்கொள்கிறேன், இது நல்ல பழக்கம்.

செவ்வாயன்று லிஃப்டில் தெலபாரைப் பார்த்தேன். "நீங்க சௌக்கியந்தானே, கொர்பினோ சார்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். மரியாதை தெரிந்த மனிதர்.

சிறப்புப் பணிகள் என்னென்ன என்பதை விரைவில் முடிவு செய்வார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வா.

உன் அப்பா


(அடுத்தது நான் இடது கையால் எழுதியது. பெரிய இயக்குநர்கள் சாதாரண வாடிக்கையாளருக்குப் பதில் போட மாட்டார்கள் என்றான் லுபேன். போடுவார்கள் என்றேன் நான். பந்தயம் ஒரு டப்பா பிஸ்கட். முகவரி லுபேனின் அத்தை நடத்தும் பேக்கரி. தியேத் என்றால் எங்கள் மொழியில் வெதுவெதுப்பு. — பசீல்)

பொவாத்தியே, 16 ஜனவரி 1994

ஆர்தன்வால் நிறுவனத்தின் சிறப்புப் பணிகள் இயக்குநர் அவர்களுக்கு,

ஐயா, தாங்களும் தங்கள் குடும்பமும் நலமாயிருக்க வேண்டும். நான் நலமில்லை. காரணம் தாங்கள்.

நான் ஒரு விதவை. என் காலஞ்சென்ற கணவர் கர்னல் தியேத், உயிரோடு இருந்தபோதே சற்றுக் குளிர்ச்சியானவர்தான்; ஆனாலும் தங்கள் ஹீட்டரோடு ஒப்பிட்டால் அவர் எரிமலை. குழாயைத் திறந்தால் வருவது வெந்நீரா, தண்ணீரா, இரண்டும் பேசி முடிவெடுத்த சமரசமா என்று தெரியவில்லை. என் பூனைகூட அதில் கால் வைத்துவிட்டு என்னை ஏமாற்றத்தோடு பார்க்கிறது.

தாங்கள் இயக்குநர் என்கிறார்கள். எதையாவது இயக்குவீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள, பற்கள் தந்தியடிக்கும்,
விதவை எர்மெலின் தியேத்


பாரிஸ், 19 ஜனவரி 1994

மதிப்பிற்குரிய மதாம் தியேத்,

தங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. தங்கள் உடல்நலத்தைப் பற்றி அறிந்து வருந்துகிறேன்.

வெதுவெதுப்பான நீருக்குக் காரணங்கள் மூன்று இருக்கலாம். முதலில், தங்கள் ஊர்த் தண்ணீர். கெண்டியின் அடியில் வெள்ளையாக ஏதாவது படிகிறதா? அதே படிவு ஹீட்டரின் உள்ளே சூடாக்கும் கம்பியின் மேலும் படிந்திருக்கும். கம்பி சூடாகும்; அந்தச் சூடு வெளியே வராது. அடுத்தது, வெந்நீரும் தண்ணீரும் கலக்கும் இடத்தில் உள்ள சிறிய அடைப்பான். அதன் படத்தைக் கீழே வரைந்திருக்கிறேன். அம்புக்குறியிட்ட இடத்தைத் தொட வேண்டாம். மூன்றாவதற்கு, தங்கள் வீட்டின் குழாய் எவ்வளவு தூரம் ஓடுகிறது, சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிய வேண்டும். பின்பக்கம் தங்கள் வீட்டு அமைப்பை நான்கு விதமாக ஊகித்து வரைந்திருக்கிறேன். சரியானதில் ஒரு குறியிட்டு அனுப்புங்கள்.

படத்தில் கோடுகள் கோணலாக இருந்தால் மன்னிக்கவும். பள்ளியை விட்டபின் நான் எதையும் வரைந்ததில்லை.

எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். எல்லாவற்றையும் நானே படிப்பேன்.

அம்மையீர், என் மிக உயர்ந்த மதிப்புணர்வின் வெளிப்பாட்டை ஏற்றருள வேண்டுகிறேன்.

கி. கொர்பினோ
சிறப்புப் பணிகளின் இயக்குநர்

பி.கு. பூனையின் பெயர் என்ன?


பாரிஸ், 27 பிப்ரவரி 1994

அன்புள்ள பசீலுக்கு,

உன் கடிதம் வந்து பல நாளாகிறது. தாமதத்துக்கு வேலைதான் காரணம். அம்மா நலம். என் பசியும் தூக்கமும் சரியாகவே இருக்கின்றன.

வேலை அதிகமா என்று கேட்டிருந்தாய். அதிகம்தான். மாகாணத்தில் ஒரு சிக்கலான வாடிக்கையாளர் இருக்கிறார். அவருடைய விவகாரம் என் நேரத்தை நிறையவே எடுத்துக்கொள்கிறது. இதற்காகத் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பழைய பாடங்களை மறுபடி படித்தேன். தொழிற்சாலைக்கே போய் ஒரு ஹீட்டரைப் பிரித்துப் பார்த்தேன். அங்கிருந்த ஃபோர்மேன் என் கோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வழி தவறிட்டீங்களா?" என்றார். இத்தனை வருஷத்தில் நான் அதன் உள்ளே பார்த்ததில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

உன் விண்ணப்பத்தை மார்ச் முடிவதற்குள் அனுப்பிவிடு. பள்ளியில் சேர்ந்துவிட்டால் பிறகு யாரும் உன்னைத் தொட முடியாது.

கிறிஸ்துமஸின்போது, நான் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுவதைப் பார்த்து, "அப்பா, கம்பெனி திவாலா?" என்று கேட்டாய். இப்போது சொல்கிறேன். இல்லை, திவாலாகவில்லை. நல்ல லாபத்தில் ஓடுகிறது.

உன் அப்பா


(இதுவும் இடது கை. பிஸ்கட் டப்பா எப்போதோ தீர்ந்துவிட்டது. — பசீல்)

பொவாத்தியே, 13 மார்ச் 1994

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

தாங்கள் நலமா? பூனை நலம். என் முந்தைய கடிதங்களில் சொல்ல விட்டுப்போனவை: அதன் பெயர் பஞ்சு. குழாய் சுவருக்குள் ஓடுகிறது. மூன்றாவது படத்தில் குறியிட்டிருக்கிறேன். கெண்டியில் தாங்கள் சொன்ன அதே வெள்ளை.

ஐயா, தங்கள் ஐந்து கடிதங்களையும் என் பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டினேன். வாயாடி. அவன் சொன்னது: "பாட்டி, இவ்ளோ பெரிய ஆபீசரு உனக்கு எட்டுப் பக்கம் எழுதறாருன்னா, ஒண்ணு அவருக்கு உன்மேல காதல், இல்லேன்னா அவருக்கு வேற வேலையே இல்லே." எனக்கு வயது எழுபத்தாறு என்பதால் முதலாவதை விட்டுவிட்டேன்.

தவறாக நினைக்காதீர்கள். முன்பின் தெரியாதவள் என்பதால்தான் கேட்கிறேன். தங்கள் மேசையில் என்னுடையதைத் தவிர வேறு காகிதம் இருக்கிறதா?

இல்லையென்றால் ஏன் இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?

எ. தியேத்


பாரிஸ், 16 மார்ச் 1994

மதிப்பிற்குரிய மதாம் தியேத்,

தாங்களும் பஞ்சுவும் நலம் என்று அறிந்தேன்.

இல்லை, வேறு காகிதம் இல்லை.

எங்கள் வட்டத்தில் இதற்கு அலமாரி என்று பெயர். மூத்த அதிகாரியைத் துரத்த மாட்டார்கள். அறை, சம்பளம், கார் எல்லாம் இருக்கும். வேலையை மட்டும் எடுத்துவிடுவார்கள். கோட்டை மாட்டி வைப்பதைப் போல. கூட்டங்களுக்கு அழைப்பு வராது. போன் இருக்கும், அடிக்காது. நானாக ராஜினாமா செய்தால் அவர்கள் எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அவர்களாக அனுப்பினால் பதினைந்து வருஷத்துக்கான ஈட்டுத்தொகை தர வேண்டும். ஆகவே இரண்டு தரப்பும் காத்திருக்கிறோம்.

இது எனக்குப் புதிதல்ல. நானே இரண்டு பேரை இப்படி வைத்திருந்தேன். அதில் ஒருவர் இருந்தது இதே அறை. அவர் பெயரை இரண்டு நாளாக யோசிக்கிறேன், வரவில்லை.

தலைவர் என்னை நீ என்று கூப்பிடுவதை நிறுத்திய அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பள்ளி ஆட்களுக்குள் நீங்கள் என்ற சொல்லுக்கு அர்த்தம் ஒன்றுதான். தாங்கள் அங்கே படிக்காததால் இதைச் சொல்வது கடினம்.

வருத்தமாக இருக்கிறதா என்றால், இல்லை. எதுவுமாகவும் இல்லை. காலையில் டை கட்டுகிறேன். சில நாட்கள் அதை அவிழ்த்து மறுபடி கட்டுகிறேன்.

மனைவிக்குத் தெரியும். நாங்கள் அதைப் பேசுவதில்லை. மகனிடம் சொல்லவில்லை. அவன் எதையும் கிண்டல் செய்கிறவன். இதைச் சொன்னால் கிண்டல் செய்யாமல் இருந்துவிடுவானோ என்று பயம். அவனை அதே பள்ளிக்கு விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன். வேறு வழி எனக்குத் தெரியாது.

சுவருக்குள் ஓடும் குழாய் என்றால் அதற்கு உறை போட வேண்டும். அளவுகளை இணைத்திருக்கிறேன்.

அம்மையீர், என் ஆழ்ந்த மதிப்புணர்வை ஏற்றருளுங்கள்.

கி. கொர்பினோ


பாரிஸ், 22 மே 1994

மதிப்பிற்குரிய மதாம் தியேத்,

தாங்கள் எழுதியிருந்த மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உறை பொருந்தியதா?

இம்முறை நான் ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன்.

நிறுவனம் எனக்குப் பதிவுத் தபால் அனுப்பியிருக்கிறது. கடந்த ஆறு மாதங்களில் நான் எந்தப் பணியையும் செய்யவில்லை என்பது குற்றச்சாட்டு. ஜூன் பதினாலாம் தேதி விசாரணை. என் தவறு என்று முடிவானால் ஈட்டுத்தொகை கிடையாது. அது போகட்டும். வேலை செய்யாதவன் என்று எழுதி அனுப்புவார்கள். அதன்பின் ஐம்பத்து மூன்று வயதில் எந்தக் கதவும் திறக்காது.

நான் செய்த வேலைக்குச் சாட்சி தாங்கள் ஒருவர்தான். என் வழக்கறிஞர் சொல்கிறார்: "அந்தம்மா ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும் சார், ஆறு மாச வேலைக்கு அதுவே ஆதாரம்." வழக்கம்போல அடையாள அட்டையின் நகலை மட்டும் கூடவே இணைக்க வேண்டும்.

தங்களுக்குச் சிரமம் என்றால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அப்படியே ஹீட்டரையும் பார்த்துவிடலாம்.

நன்றியுடன்,
கி. கொர்பினோ


பொவாத்தியே, 29 மே 1994

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஐந்து முறை கிழித்துவிட்டேன். முதலில் வேடிக்கையாக எழுதிப் பார்த்தேன். சரியாக வரவில்லை.

மதாம் தியேத் என்று யாரும் இல்லை. நான்தான். பேக்கரி லுபேனின் அத்தையுடையது. பூனை மட்டும் உண்மை, அது பேக்கரியில் இருக்கிறது. ஹீட்டர் விடுதியில் இருக்கிறது. நீங்கள் வரைந்த எல்லாப் படங்களும் என் பெட்டியில் இருக்கின்றன.

ஒரே ஒரு கடிதம்தான் எழுதுவதாக இருந்தேன். நீங்கள் மூன்றே நாளில் பதில் போட்டீர்கள். நிறுத்தினால் அடுத்த நாள் என்ன செய்வீர்கள் என்று தெரியவில்லை. அதனால் நிறுத்தவில்லை.

லுபேனிடம் அடையாள அட்டைக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். "டேய், உனக்குக் கொண்டை போட்டு போட்டோ எடுத்தாலும் நீ பாட்டியாக மாட்டே. மாட்டினா உங்கப்பாவும் உள்ளே போவாரு," என்றான். வழக்கமாக அவன் இப்படி ஒழுங்காகப் பேச மாட்டான்.

மார்ச்சில் நீங்கள் அவளுக்கு எழுதியதையும் நான்தான் படித்தேன்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், வாயில் பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி இருக்கிறது. கடித்துப் பார்க்கிறேன், தெரியவில்லை.

விசாரணையில் அந்தக் கடிதங்களைக் காட்டாதீர்கள், அப்பா. முகவரியை விசாரித்தால் சிரித்துவிடுவார்கள். தெலபார் அதை எல்லா மதிய உணவிலும் சொல்வார்.

பசீல்


(இதற்குப் பதில் ஐந்து வாரமாக வரவில்லை. தேர்வுகள் முடிந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது லுபேனின் அத்தை கூப்பிட்டு ஓர் உறையைக் கொடுத்தார். "உங்க மதாமுக்கு வந்திருக்கு," என்றார். — பசீல்)

பாரிஸ், 1 ஜூலை 1994

மதிப்பிற்குரிய மதாம் தியேத்,

கோடை தொடங்கிவிட்டது. தாங்கள் சௌக்கியமாயிருப்பீர்கள். நானும் என் மனைவியும் அவ்வாறே.

விசாரணை நடந்தது. தெலபார், ஊழியர் நிர்வாக அதிகாரி, நான். ஆறு மாதங்களாக என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். பொவாத்தியேயில் ஒரு பெண்மணிக்கு வெந்நீரைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன் என்றேன். "யாரு சார் அவங்க?" என்று கேட்டார் தெலபார். வாடிக்கையாளரின் பெயரை வெளியே சொல்வது முறையல்ல என்றேன். "அப்ப அந்தக் கடிதத்தையாவது காட்டுங்களேன்." கொண்டு வரவில்லை என்றேன். அவர்கள் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அந்தச் சமயம் கடிதங்கள் இருந்த பை என் மடியில்தான் இருந்தது.

நேற்று முடிவு வந்தது. பணி செய்யாதவர் என்று எழுதியிருக்கிறார்கள். ஈட்டுத்தொகை இல்லை. நான் மேல்முறையீடு செய்யவில்லை. இன்று மாலைக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். எடுத்துச் செல்ல அதிகம் இல்லை.

என் மகனுக்கு நான் இன்னும் எழுதவில்லை. அவனுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பள்ளிக்கு விண்ணப்பித்தானா இல்லையா என்றும் கேட்கப்போவதில்லை. தாங்கள் அவனைப் பார்த்தால், ஒன்பதாம் தேதி சனிக்கிழமை அவன் வந்து இறங்கும் ரயில் நிலையத்தில் நான் இருப்பேன் என்று சொல்லுங்கள். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் வீட்டுக்குப் பேருந்தில்தான் போக வேண்டியிருக்கும்.

தங்கள் ஹீட்டருக்கு இனி நான் பொறுப்பில்லை. செப்டம்பரில் இந்த அறைக்கு வேறொருவர் வருவார் என்று மதாம் ஓசான் சொன்னார். யாரென்று தெரியவில்லை, அவருக்கும் இன்னும் தெரிந்திருக்காது. தாங்கள் முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு புகார் எழுதுங்கள். கொஞ்சம் சிக்கலானதாக இருக்கட்டும். தீர்த்துவைக்க நீண்ட நாள் பிடிக்க வேண்டும்.

கி. கொர்பினோ